எறங்கித் தள்ளுலே, பேராண்டி

இங்கிலாந்துக்குப் போயி, மேடும் பள்ளமுமாக் கெடக்க நாட்டுப்புறத்துல சைக்கிள்ல லாந்திட்டு வரணும்னு ஆசப்படுத. ரொம்பச் சந்தோசம், போயிட்டு வா. துட்டு ஒன்னோடது, முட்டி ஒன்னோடது, நான் ஏன் குறுக்க விழப்போறேன்? ஆனா பொறப்படுததுக்கு முன்னால இந்தக் கெழவன் சொல்லுதத ஒரு காதுல வாங்கிக்கோ. இன்னொரு காதுலதான் எப்பவும் பாட்டுக் குமிழு சொருகியிருக்கே, அது அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

மொதல்ல ஒரு சந்தேகம். நீ குடியிருக்கது கல்கத்தாவுல, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால. கடல் மட்டத்துக்கு மேல பத்து மீட்டர்கூடத் தேறாத ஊரு. ராஷ்பிகாரி ரோட்டு நடுவுல ஒரு எலுமிச்சம்பழத்த வச்சா, வச்ச எடத்துலயே நிக்கும். எந்தப் பக்கம் உருளணும்னு அதுக்கே தெரியாது. இங்கன ஏத்தம்னு சொல்லிக்கிட இருக்கது மேம்பாலம் ஒண்ணுதான். அதுல சைக்கிள ஏத்தினா போலீசு மறிச்சு அபராதம் எழுதும். அப்போ நீ மலை ஏறிப் பழகுதது எங்க? ஒங்க ஆபீசு லிப்டுலயா?

மேம்பாலத்த விடு. தரையில போற ரோட்டுக்கே தடை போட்ட ஊருலா இது. 2013-ல 174 ரோட்டுல சைக்கிள் வரப்படாதுன்னு உத்தரவு போட்டாவ. காரு போற வேகத்துக்கு சைக்கிள் எடஞ்சலாம். காலைல பால் கொண்டாரவன், பேப்பர் போடுதவன், கேஸ் சிலிண்டரக் கேரியர்ல கட்டிக் கொண்டாரவன் எல்லாரும் சைக்கிள்லதான் வாரான். அவன் வரலைன்னா காருல போற தொர காப்பி குடிக்காமத்தான் ஆபீசுக்குப் போவணும். அப்புறம் அந்த எண்ணிக்கையக் கொறச்சாவ. 2020-ல கொரோனா வந்து பஸ்ஸும் ரயிலும் படுத்ததும், அதே போலீசு தடையத் தளர்த்திச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, 2015-லருந்து 'சபுஜ் சாத்தி'ன்னு திட்டம் போட்டு, ஒம்பதாங் கிளாசுலருந்து பன்னெண்டு வரைக்கும் படிக்க புள்ளையளுக்கு இதே ராஜ்ஜியத்துல சைக்கிள் குடுத்துக்கிட்டு வாராவ. வண்டிய ஒரு கை குடுக்கும், வழிய இன்னொரு கை மறிக்கும்.

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நம்மூரு நூலகத்துல மின்விசிறி இருக்கு. மத்தியான வெயிலுக்கு அங்கன போயி உக்காந்தா, சும்மா உக்காந்திருக்க முடியுமா? நூலகரு மொறைப்பாரு. கையில ஒரு புஸ்தகம் இருக்கணும். காத்துக்காகப் போனவன் படிச்சுத் தொலச்சிட்டேன், என்ன செய்ய?

சரி, ஒன் சாமான் பட்டியலுக்கு வருவோம். கார்பன் சட்டம் வச்ச வண்டி, ஒத்த விரலால தூக்கலாம்னு சொன்ன. தூக்கிக் காட்டவும் செஞ்ச. எலே, சைக்கிள் ஒன்னச் சொமக்கணுமா, நீ சைக்கிளச் சொமக்கணுமா? அடுத்தது அந்த உடுப்பு. உறிச்ச பனங்கெழங்கு மாதிரி நீ கண்ணாடி முன்னால நின்னதப் பாத்து ஒங்க ஆச்சி கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டா. அதையும் பொறுத்துக்கிடலாம். அந்தச் செருப்பத்தான் எனக்குப் பொறுக்க முடியல. பெடலோட மாட்டிக்கிடுமாமே? கால எடுக்கணும்னா குதிகால வெளிப்பக்கமாத் திருப்பணுமாமே? வண்டி ஓடும்போது நல்லாத்தான் இருக்கும். ஏத்தத்துல மூச்சு முட்டி வண்டி நிக்கும் பாரு, அந்த நேரத்துல குதிகாலும் ஞாபகம் வராது, திருப்பவும் தோணாது. அப்படியே பக்கவாட்டுல சாயுவ. பாத்துக்கிட்டிருக்க ஆட்டுக்குட்டி சிரிக்கும். ஏறுததுக்கு ஆயிரம் சாமான் வாங்கியிருக்க, எறங்குததுக்கு ஒண்ணும் வாங்கலையே.

நான் சொல்லவந்தது அதுதான், வேற ஒண்ணும் இல்ல. எறங்கப் பழகிக்கோ. எறங்கித் தள்ளப் பழகிக்கோ.

சிரிக்க. இங்கிலாந்துல இருக்கது மலையே இல்ல, எல்லாம் குன்றுதான்னு நெனப்பு. ஒரு வகையில வாஸ்தவந்தான். அந்த நாட்டுல ரொம்ப ஒசரமான மலை ஸ்காபெல் பைக், 978 மீட்டர். நம்ம கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் கிட்ட இருக்கு. ஆனா நம்ம மலைப்பாதை சுத்திச் சுத்தி, கொண்டை ஊசி வளைவு போட்டு, லோடு வண்டிக்கும் மூச்சு விட எடம் குடுத்துப் போட்ட பாதை. அங்கன நாட்டுப்புற வழியெல்லாம் பழைய பொதிக்குதிரைத் தடம், ஆட்டு மந்தை ஓட்டிட்டுப் போன தடம். வளையத் தெரியாது, நேரா மேல ஏறும். ஏரி மாவட்டத்துல ஹார்ட்நாட் கணவாய்னு ஒண்ணு இருக்கு. ரோமாபுரிப் பட்டாளம் போன பக்கம். அவன் கட்டின கோட்டை இன்னைக்கும் அந்தச் சரிவுல கெடக்கு. அந்த ரோடு சில எடத்துல மூணுக்கு ஒண்ணு ஏத்தம். அதாவது மூணு மீட்டர் முன்னால போனா ஒரு மீட்டர் மேல போயிருக்கணும்.

ஒனக்குக் கணக்குன்னா புடிக்கும்லா, வா கணக்குப் போடுவோம். நம்ம பழைய கறுப்பு சைக்கிள்ல முன்னால பெரிய பல்சக்கரத்துல 44 பல்லு, பின்னால ப்ரீவீல்ல 18 பல்லுன்னு வச்சுக்கோ. பெடல ஒரு சுத்து சுத்தினா பின்சக்கரம் ரெண்டரைச் சுத்து கிட்ட சுத்தும், வண்டி அஞ்சரை மீட்டர் கிட்ட முன்னால போகும். மூணுக்கு ஒண்ணு ஏத்தத்துல அஞ்சரை மீட்டர் போனா எவ்வளவு ஒசரம் ஏறும்? ஒரு ஆள் ஒசரம். அப்போ ஒவ்வொரு சுத்துக்கும், ஒன்னையும் வண்டியையும் மூட்டையையும் சேத்து ஒரு ஆள் ஒசரத்துக்குத் தூக்குதது ஒன் ரெண்டு காலு. ஒரு தரம் தூக்கலாம். நூறு தரம் தூக்குவியா? சுற்றுலா சைக்கிள்ல முன்னால சின்னதா 26 பல்லு, பின்னால பெருசா 34 பல்லு போட்டிருப்பான். அதுல ஒரு சுத்துக்கு முட்டி ஒசரம் ஏறினாப் போதும். கியர்னா இவ்வளவுதான். கியரு மலையக் கொறைக்காது, மலையத் துண்டு துண்டா நறுக்கித் தரும். ஆனா துண்டு எல்லாத்தையும் நீதான் திங்கணும். கடைசித் துண்டையும் தின்னுட்டு இன்னும் மேடு மிச்சம் இருந்தா என்ன செய்வ? எறங்கித்தான் தள்ளணும்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு இந்தக் கியரெல்லாம் ஏது? 1885-ல ரோவர் சைக்கிள் வந்துது, 1888-ல டன்லப் காத்தடைச்ச டயர் கொண்டாந்தான், 1902-லதான் நாட்டிங்ஹாம்ல சக்கரக் குடத்துக்குள்ள மூணு கியர் வச்ச ஸ்டர்மி ஆர்ச்சர் வந்துது. ஆனா சைக்கிள்ல ஊர் சுத்துததுக்குன்னே சங்கம் வச்சது 1878-லயே, ஹாரோகேட் ஊர்ல. டயர்ல காத்து இல்ல, கியர் இல்ல, நெஞ்சு ஒசரத்துக்கு முன்சக்கரம். அந்த வண்டிய வச்சுக்கிட்டு மலை நாட்டுல சுத்தியிருக்கான்னா, பாதி வழி அவன் சைக்கிளக் கூட்டிக்கிட்டு நடந்துதான் போயிருப்பான். அந்தச் சங்கத்துக்காரங்க என்ன செஞ்சாவ தெரியுமா? சரிவு உச்சியில எல்லாம் போர்டு நட்டாவ, இந்த எறக்கம் ஆபத்து, சைக்கிள்காரனே கவனம்னு. ரோட்டுல போற ஆளுக்கு அபாயப் பலகை வைக்க வழக்கத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவங்கள்ல அவங்களும் ஒரு கூட்டம். ஏறத் தெம்பு இல்லாதவன் தள்ளிக்கிட்டுப் போயிருவான், எறங்கத் தெரியாதவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அதனாலதான் போர்ட எறக்கத்துக்கு வச்சான்.

அதுக்கு ஒரு கதை இருக்கு. 1895-ல, வேல்ஸ் எல்லைப் பக்கம் மான்மத்சயர்ல, பெர்னார்ட் ஷாவும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் சைக்கிள்ல போயிக்கிட்டிருந்தாவ. ஒருத்தரு நாடகத்துல புலி, இன்னொருத்தரு கணக்குலயும் தத்துவத்துலயும் புலி. ரஸ்ஸலு வழிகாட்டிப் பலகையப் படிக்க நின்னாரு. பின்னால எறக்கத்துல வந்த ஷா, அவரு நின்னதக் கவனிக்காம மோதினாரு. தூக்கியடிச்சு விழுந்த ஷா, தூசியத் தட்டிட்டு எந்திரிச்சு வண்டிய மிதிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. நின்ன பாவத்துக்கு ரஸ்ஸலுக்குக் கால்சட்டை கிழிஞ்சுது, வண்டி நொறுங்குச்சு, ரயில் ஏறி வந்தாரு. அந்த ரயிலு மெதுவாப் போற ரயிலாம். ஒவ்வொரு ஸ்டேசன்லயும் ஷா சைக்கிளோட முன்னால வந்து நின்னு, சன்னல்ல தலைய விட்டுக் கேலி பண்ணிட்டுப் போனாராம். ரஸ்ஸலே பின்னால எழுதி வச்சிருக்காரு. ரெண்டு பேருக்கும் பின்னாடி நோபல் பரிசு கெடச்சுது. சைக்கிள் ஓட்டினதுக்கு இல்ல.

இந்தக் கல்கத்தாவும் சைக்கிளுக்குப் புதுசு இல்லலே. ஹேமேந்திரமோகன் போஸ்னு ஒரு ஆளு. குந்தலீன்னு தலைக்குத் தேய்க்க எண்ணெய் வித்தவரு, பாட்டத் தட்டுல பதிஞ்சு வித்தவரு, ஹாரிசன் ரோட்டுல சைக்கிள் கடையும் வச்சாரு. செடிக்கு உணர்ச்சி உண்டுன்னு சொன்ன ஜகதீஷ் சந்திர போசுக்கும், ரசாயனம் படிச்ச பிரபுல்ல சந்திர ராய்க்கும் சைக்கிள் பழக்கி விட்டவரு அவருதான்னு சொல்லுதாவ. அவ்வளவு பெரிய படிப்பாளிய எல்லாம் வேட்டியத் தூக்கிக் கட்டி, பின்னால சீட்டப் புடிச்சுக்கிட்டு ஒருத்தரு ஓடி வந்திருப்பாருன்னு நெனச்சுப் பாத்தா எனக்கு மனசு நெறைஞ்சு போகுது. அப்புறம் நாட்டிங்ஹாம் ராலே கம்பெனியோட கூட்டுச் சேந்து அசன்சோல் பக்கத்துலயே சென்-ராலே சைக்கிள் ஃபாக்டரி வந்துது. ஒங்க கொள்ளுத்தாத்தா வச்சிருந்தாரே, கல்யாணத்துக்குக்கூட எரவல் குடுக்க மாட்டேன்னு சங்கிலி போட்டுப் பூட்டி வச்சிருந்த ராலே, அது அந்த ஃபாக்டரி வண்டிதான்.

நீ லண்டன் போகதுக்கு ஒம்பது பேருகிட்ட யோசனை கேக்க. 1926 டிசம்பர் 12-ஆந் தேதி, இதே ஊர் டவுன் ஹால் வாசல்லருந்து நாலு பயலுவ உலகத்தச் சுத்துதோம்னு சைக்கிள்ல கெளம்பினான். அதுல ஒருத்தரு பிமல் முகர்ஜி. கையில துட்டு கெடையாது. போற எடத்துல கெடச்ச சோலியப் பாத்து, வயித்தக் கழுவி, அடுத்த ஊருக்கு மிதிச்சு, திரும்பி வந்தது 1937-ல. வயசான காலத்துல 'து சாக்காய் துனியா'ன்னு புஸ்தகமா எழுதினாரு. அந்த நாலு பேருல சேராத இன்னொருத்தரு ராம்நாத் பிஸ்வாஸ், சில்ஹெட் பக்கத்து பனியாசங்கு கிராமத்துக்காரரு. 1931-ல சிங்கப்பூர்லருந்து கெளம்பினாரு. அடுத்த பயணத்துல ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கின்னு ஐரோப்பா முழுக்கக் கடந்து, நீ போவணும்ங்கியே அதே இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் மிதிச்சாரு. ஒடம்புக்கு முடியாமப் போயி 1936-ல கப்பல்ல திரும்பினாரு. அதோட நிப்பாட்டினாரா, மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குக் கெளம்பிட்டாரு. அவரு சாமான் பட்டியல் என்ன தெரியுமா? ரெண்டு சால்வை, ஒரு ஜோடி செருப்பு, சைக்கிள் ரிப்பேர் சாமான் வச்ச பெட்டி ஒண்ணு. ஒன் பட்டியல்ல செருப்பு மட்டும் மூணு வகை இருக்கு. பிரிவினைக்கு அப்புறம் கல்கத்தாவுக்கு வந்து, 1955-ல இங்கனயே கண்ண மூடினாரு. சாதாரண வண்டி, கியரு பெருமை எல்லாம் கெடையாது. அந்த மனுசன் எத்தன மலையில எறங்கித் தள்ளியிருப்பாரு? ஒருத்தனும் கேவலமாப் பேசலையே. புஸ்தகம்லா போட்டான்.

சவத்த விடு, செத்துப்போனவங்க கதை எதுக்கு. உயிரோட இருக்க வாத்தியாரக் காட்டுதேன். விடியக்காலம் எந்திரிச்சு பைபாசுக்குக் கெழக்க போயிப் பாரு. கெழக்குக் கல்கத்தா ஈரநிலம்னு 12,500 ஹெக்டேர் கெடக்கு. ஊர்ச் சாக்கடைத் தண்ணி அந்தக் குளங்களுக்குப் போயி, வெயில்லயும் பாசியிலயும் சுத்தமாயி, அதுலயே மீனு வளருது. 2002-ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்துட்டாவ. அந்தக் குளத்துலருந்து சந்தைக்கு உயிர் மீனு எப்படிப் போகுது? சைக்கிள்ல. கேரியர்ல ரெண்டு பக்கமும் வாய் அகன்ற அலுமினிய ஹாண்டி, தண்ணி தளும்பத் தளும்ப. போற வழியில மீன்காரன் வண்டிய நிப்பாட்டி, உள்ளங்கையால தண்ணிய அடி அடின்னு அடிக்கான். எதுக்குன்னு பாத்தேன். தண்ணியில காத்து கலக்கணும், இல்லன்னா மீனு மூச்சு முட்டிச் செத்துரும், செத்த மீனுக்கு வெலை கெடையாது.

ஒரு வாய்க்கால் பாலத்துச் சரிவுல அவன் ஏறுதத நின்னு பாத்தேன். சரிவு ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே, வண்டியில ஓட்டம் இருக்கும்போதே, வலது கால எடுத்துப் பார் மேல சுத்திப் போட்டு எறங்கிட்டான். வண்டி நிக்கவே இல்ல. ஓடுத வண்டியோட ரெண்டு எட்டு ஓடி, எடது கை ஹேண்டில்பார்ல, வலது கை சீட்டுக்குப் பின்னால கேரியர்க் கம்பியில. ஒடம்ப முன்னால சாச்சு, கைய நீட்டிக்கிட்டு, மேல போய்ச் சேந்துட்டான். ஒரு சொட்டுத் தண்ணி சிந்தல. பாதிச் சரிவு வரைக்கும் மிதிச்சுப் பாத்துட்டு எறங்கலாம்னு நெனச்சிருந்தா, பின்பாரம் இழுத்து முன்சக்கரம் மேல தூக்கியிருக்கும். மீனு ரோட்டுல துள்ளியிருக்கும். எந்தச் சைக்கிள் கோர்சுலயாவது இதச் சொல்லித் தருவானா? முடியாதுன்னு தெரிஞ்சப்புறம் எறங்குதவன் விழுவான். முடியும்போதே எறங்குதவன்தான் சந்தைக்குப் போய்ச் சேருவான்.

இங்கிலாந்துக்காரனும் இதத் தெரியாதவன் இல்ல. 1955-ல லெம்ஸ்டர்ங்கிற ஊர்ல ஒரு சாராயக்கடையில உக்காந்து, ரோடே இல்லாத மலையில சைக்கிளத் தள்ளிக்கிட்டும் தோள்ல தூக்கிக்கிட்டும் போறவங்களுக்குன்னு ஒரு சங்கம் தொடங்கினாவ. ஓட்டுததுக்கு இல்ல, தூக்கிக்கிட்டு நடக்கதுக்குச் சங்கம்! நம்மூர்லன்னா கிறுக்குப் பயலுவன்னு சொல்லியிருப்போம். அங்கன அது கௌரவம். இன்னொண்ணு கேட்டுக்கோ: அங்கன வயல் ஊடால போற குதிரைத் தடத்துல சைக்கிளும் போவலாம்னு 1968-ல சட்டமே போட்டிருக்கு. நடைபாதையில போவ முடியாது, குதிரைத் தடத்துல போவலாம். எதுத்தாப்ல குதிரையும் நடையாளும் வந்தா நீதான் ஒதுங்கி வழி விடணும். வழியில வேலிக் கதவு வரும். தெறந்தா மூடிட்டுப் போவணும். நம்ம வளவுக் கதவ நீ என்னைக்கு மூடியிருக்க? அங்கனயாவது மூடு, ஆடு வெளிய போயிரும்.

இப்போ ஒன் பயணத் திட்டத்துக்கு வாரேன். அந்தச் சுற்றுலாக் கம்பெனிக்காரன் அனுப்பின தாள ஒன் தங்கச்சி எனக்குப் படிச்சுக் காட்டினா. சைக்கிள்ல நீ போவ. ஒன் பை வேன்ல போகும். ராத்திரி விடுதியில ரெண்டு பேரும் சந்திச்சுக்கிடுவீங்க. வழியில முடியலைன்னா அதே வேன் வந்து ஒன்னையும் ஏத்திக்கிடும். இதுக்குத் துட்டு எவ்வளவுன்னு கேட்டுட்டு எனக்குக் காப்பி எறங்கல. எலே, இத்தன துட்டுக்கு பைய மட்டும் இங்கிலாந்துக்கு அனுப்பிட்டு, நீ வீட்டுல படுத்துக்கிட்டா என்ன? போட்டோவ பையே புடிச்சு அனுப்பும்.

போறதுதான் போற, தனியாப் போ. மேற்குக் கடற்கரையில வைட்ஹேவன்லருந்து கெழக்குக் கடற்கரையில சண்டர்லேண்டு வரைக்கும், நாட்டையே குறுக்க வெட்டி ஒரு சைக்கிள் தடம் இருக்கு, 1994-ல தெறந்தது, சுமாரா 140 மைல். பின்சக்கரத்த ஐரிஷ் கடல்ல நனச்சிட்டுக் கெளம்பி, முன்சக்கரத்த வட கடல்ல நனச்சு முடிக்கது வழக்கமாம். ஊடால பெனைன் மலை. நாலஞ்சு நாள்ல மெதுவாப் போவலாம். ஏன் மேக்கருந்து கெழக்க போறாவன்னு யோசிச்சியா? அங்கன காத்து பெரும்பாலும் மேக்கருந்து அடிக்கும். முதுகுல காத்து வாங்கிக்கிட்டுப் போவணும். ஆரல்வாய்மொழிக் கணவாயில ஆடிக் காத்துக்கு எதுக்க சைக்கிள் மிதிச்சவன் நானு. காத்த எதுக்கதவிட மலைய எதுக்கது மேலு. மலை எங்கயாவது முடியும்லா.

ஆனா அதுக்கு முன்னால கொஞ்சம் ஒத்திகை பாரு. இங்கனயே ஐரோப்பா இருக்கு, ஒனக்குத்தான் தெரியல. ஞாயித்துக்கெழமை இருட்டோட பொறப்பட்டு பாரக்பூர் போ. படித்துறையில லாஞ்சு நிக்கும். சைக்கிளுக்கும் சேத்துச் சீட்டு வாங்கி ஏத்திக்கோ. அக்கரையில எறங்கினா ஸ்ரீராம்பூர், அது டென்மார்க். நம்ம தரங்கம்பாடிய வச்சிருந்தான்லா அதே டேனிஷ்காரன். 1845-ல ரெண்டு ஊரையும் ஒண்ணாச் சேத்து இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். அவன் காலத்துச் சத்திரம் ஒண்ணு, 1786-ல கட்டினது, இடிஞ்சு கெடந்ததச் சரி பண்ணி 2018-ல காப்பிக்கடையாத் தெறந்திருக்காவ. இங்கிலாந்துல பொட்டிக்கடை டீயக் குடிக்க ஆசப்படுதவன் இங்கன குடிச்சுப் பழகு. வடக்க மிதிச்சா சந்தன்நகர், அது பிரான்சு. 1950 வரைக்கும் நம்ம பாண்டிச்சேரிக்குப் பங்காளி. தாண்டினா சின்சுரா, டச்சுக்காரன் ஊரு. அதுக்கும் மேல பாண்டெல், 1599-ல போர்ச்சுகீசுக்காரன் வச்ச மாதா கோயிலு. இருபது கிலோமீட்டருக்குள்ள நாலு தேசம், விசா கெடையாது. ஏத்தம் இல்லையேன்னு வருத்தப்படாத, ஜி.டி. ரோட்டுல டோட்டோங்கிற பேட்டரி ரிக்‌ஷாக் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள பூந்து போனா மலையே தேவலைன்னு தோணும். அங்கனயும் எறங்கித் தள்ளவேண்டி வரும், பாத்துக்கோ.

சந்தன்நகர்ல ஜொல்போரா சந்தேஷ்னு ஒரு பலகாரம். வயித்துக்குள்ள பன்னீர ஒளிச்சு வச்சிருப்பான். ஜமீன் வீட்டுப் புது மாப்பிள்ளைய ஏமாத்த சூர்ய மோதக்னு ஒருத்தருகிட்ட சொல்லிச் செஞ்சதாச் சொல்லுதாவ. மாப்பிள்ள கடிச்சதும் பன்னீர் பீறி பட்டுச்சட்டையெல்லாம் நனஞ்சுதாம். நீயும் கடிக்கும்போது அந்தப் பனங்கெழங்கு உடுப்பு பத்திரம்.

நெசமான மேடு வேணும்னா புருலியாவுக்குப் போ. ஹவுராவுல பார்சல் ஆபீசுல சைக்கிளப் பதிஞ்சு ரயில்ல ஏத்து. பாக்முண்டி பக்கத்துலருந்து அயோத்தியா மலைக்கு ரோடு ஏறும், வளைஞ்சு வளைஞ்சு. அங்கன மேல ஒரு அணை, கீழ ஒரு அணை கட்டி 900 மெகாவாட் மின்சாரம் எடுக்காவ. கரண்டு மிச்சம் இருக்க ராத்திரி நேரத்துல கீழத் தண்ணிய மேல ஏத்துதான், ஊரு வெளக்குப் போடுத நேரத்துல தெறந்து விடுதான். இம்புட்டு வேகம் இருக்க தண்ணியே அந்த மலையில தானா ஏறல, மோட்டார் வச்சுத்தான் ஏத்தவேண்டியிருக்கு. நீ எறங்கித் தள்ளினா ஒன் மீசையில என்ன மண்ணு ஒட்டப் போகுது?

பாண்டெலுக்கு நானும் வாரேன். சைக்கிள்ல இல்லலே, ஹவுராவுலருந்து லோக்கல் ரயில்ல, சன்னலோரம். ஒன் பையக் குடு, நான் கொண்டாரேன். ஸ்ரீராம்பூர்ல ஒரு தரம், சந்தன்நகர்ல ஒரு தரம் எறங்கி நிக்கேன், வந்துட்டியான்னு பாக்க. ஷா ரஸ்ஸலக் கேலி பண்ணினதுக்குக் கம்மியாப் பண்ண மாட்டேன், முன்கூட்டியே சொல்லிட்டேன். அந்த வேன்காரனுக்குக் குடுக்கதுல பாதி குடுத்தாப் போதும், ஒங்க ஆச்சிகிட்ட மட்டும் சொல்லாத.